நடந்ததை உண்ணலாமா?

எமது கல்லூரி மைதானத்தைக் காலை ஐந்தரை மணிக்குக் காண்போர்க்கு இருவகைக் கூட்டம் கண்ணிற்படும். ஓரத்தே வட்டமிட்டு நடப்போர் ஒரு கூட்டத்தினர். நடுவே ஓடிப் பழகுவோர் மற்றொரு கூட்டத்தினர். முன்னையோர் பழைய மாணவர். ஒருகாலத்தில் இதே மண்ணில் உதைபந்தும் கிரிக்கெற்றும் ஆடி, விடுதிச்சாலைச் சோற்றை மும்முறை கேட்டு வாங்கியுண்டும் உடம்பிற் சதை ஒட்டாது வளர்ந்தவர்கள். இன்று வைத்தியரின் சொற்படி நிறை குறைக்க நடக்கின்றவர்கள். பின்னையோர் இன்றைய மாணவர். கல்லூரியின் பெயரைக் களத்திலே காக்கவேண்டியவர்கள். இவ்விரு கூட்டத்தாரிடையேயும் இந்நாளில் ஒரே வினா உலாவுகின்றது: உடற்பயிற்சியால் எரிந்துபோன கலோரியைத் திரும்ப உண்டு ஈடுசெய்யலாமா, ஆகாதா?

கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருமக்களின் பெருமையையும் எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். ஆதலின் விழா மலருக்கு நான் இச்சிறு வினாவை எடுத்துக்கொண்டேன். வினா சிறிதாயினும் அதனோடு தொடர்புடைய கேடு சிறிதன்று. 2005–2006 ஆம் ஆண்டுகளில், வடக்கும் கிழக்கும் நீங்கலாக இலங்கையிலே நடாத்தப்பெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலுமுள்ளோரில் நூற்றுக்கு 10.3 வீதத்தினர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. பின்வந்த ஆய்வுகள் அதனினும் கூடிய தொகையையே காட்டின. எம் வகுப்புத் தோழர் பட்டியலை எடுத்துப் பார்க்கும் எவர்க்கும் ஆய்வறிக்கை வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். ஓரத்தில் நடப்போர் எரித்ததைத் திரும்ப உண்ணலாகாது; நடுவே ஓடுவோர் உண்ணாதிருக்கலாகாது. ஒரே வினாவிற்கு ஒரே மைதானத்தில் இரண்டு விடை எவ்வாறு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் வைத்தியனல்லன். கணக்குப் பதிவியல் கற்று, வாழ்நாள் முழுவதும் பிறர் பணத்தின் பற்றையும் வரவையும் எழுதி ஓய்வுபெற்றவன். ஆகவே, வெளிநாட்டிலுள்ள என் மகன் நடையின் கலோரியைக் கணக்கிடும் கைக்கடிகாரமொன்றை அனுப்பியபோது, எனக்கு ஏற்ற கருவி கிடைத்ததென்று மகிழ்ந்தேன். நாடோறும் ஒரு மணி நேரம் நடந்தேன். கடிகாரம் 310 என்று காட்டும். நடை முடிந்ததும் நண்பர் நால்வர் தேநீர்க்கடைக்குச் செல்வது வழக்கம். அங்கே இரண்டு உழுந்து வடையும் சீனியிட்ட பால்தேநீரும் அருந்துவேன். அவை 300 கலோரியளவிலேனும் வரும். 310 வரவு, 300 செலவு. கையில் மிச்சம் பத்து. கணக்கிலே பிழையில்லை என்று மனநிறைவோடு வீடு திரும்புவேன். மூன்று மாதம் கழித்து வைத்தியசாலையில் நிறுத்துப் பார்த்தபோது நிறை இரண்டு கிலோகிராம் கூடியிருந்தது. ஐந்தொகை பொருந்தாவிடின் கணக்கன் செய்யவேண்டியது ஒன்றே. பதிவுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தல். அவ்வாறு பரிசோதித்ததில் நான் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றேன்.

முதலாவது, உணவுப் பக்கத்துப் பதிவு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துதற்கு வேண்டிய வெப்பத்தையே உணவு நூலார் ஒரு கலோரி என வழங்குவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அற்வோட்டர் என்னும் இரசாயன அறிஞர் 1890களில் ஓர் ஆளைப் பல நாள் அடைத்து வைத்திருக்கக்கூடிய சிற்றறையொன்றை அமைத்து, அவ்வாள் உண்டதையும் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்தார். மாப்பொருளும் புரதமும் கிராமொன்றிற்கு நான்கு கலோரி, கொழுப்பு ஒன்பது கலோரி என இன்றும் நாம் வழங்கும் வாய்பாடு அவர்வழி வந்ததே. அளவு சரியானது, அளப்போராகிய நாமே சரியில்லை. 100 கிராம் வெண்சோறு 130 கலோரி என்பதை யாரும் மனனஞ்செய்யலாம். ஆனால் எம் தட்டில் விழுவது எத்தனை கிராம் என்பதை அறிந்தவர் யார்? கறியில் இட்ட தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி கூடிற்று. சொதியின் தேங்காய்ப்பாலும் சம்பலின் தேங்காய்ப்பூவும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அமெரிக்காவில் 1992 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. எவ்வளவு குறைத்துண்டாலும் நிறை குறையவில்லை என்று முறையிட்ட சிலரை அவ்வாய்வாளர் நுட்பமான முறையால் அளந்தனர். அவர்கள் உண்டதை நூற்றுக்கு 47 வீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய்யர் அல்லர். உண்டது மறப்பதும் உழைத்தது நினைவில் நிற்பதும் மனித இயல்பு.

இரண்டாவது, கடிகாரத்தின் பதிவு. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2017 இல் மணிக்கட்டில் அணியும் ஏழு கருவிகளை 60 பேரிடம் பரிசோதித்தனர். நாடித் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் ஒழுங்காகவே காட்டின. செலவான சக்தியைக் காட்டுவதிலோ மிகச் சிறந்த கருவியே சராசரி 27 வீதம் பிழைத்தது. மிகத் தாழ்ந்தது 93 வீதம் பிழைத்தது. வங்கியொன்றில் எழுதுவினைஞர் ஒருவர் நூறு ரூபாவிற்கு இருபத்தேழு ரூபா பிழையாக எழுதினால் அவரை மறுநாள் அம்மேசையில் யாரும் காணார். அத்தகைய எழுத்தரின் பதிவை நம்பியே நாம் வடையை வாங்குகின்றோம்.

அன்றியும், அக்கருவிகள் பல காட்டும் தொகையினுள் வேறொரு தொகையும் கலந்திருக்கும். நாம் நடவாது நாற்காலியில் இருந்திருப்பினும் இதயமும் சுவாசமும் மூளையும் தம் பங்கைச் செலவிட்டிருக்கும். அச்செலவு நாளின் அடிப்படைக் கணக்கில் முன்னரே சேர்ந்தது. 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீற்றரளவில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 245 கலோரி செலவாகும். சும்மா இருந்திருந்தால் 70 செலவாகியிருக்கும். ஆகவே நடையினால் வந்த மேலதிகச் செலவு 175 மாத்திரமே.

மூன்றாவது பதிவு, உடம்பு தானே எழுதுவது. இதுவே எனக்குப் பெருவியப்பைத் தந்தது. தன்சானியாவின் வடபாகத்தில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் நாட்செலவை ஹேர்மன் பொன்ற்சர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அளந்து 2012 இல் வெளியிட்டனர். நாள் முழுவதும் நடந்து திரியும் அம்மக்களின் மொத்தச் சக்திச் செலவு, உடலளவின் வேறுபாட்டை நீக்கிப் பார்க்குமிடத்து, மேனாட்டு நகரத்தாரின் செலவினின்றும் வேறுபடவில்லை. ஓரிடத்திற் செலவு கூடினால் உடம்பு வேறிடத்திற் சிக்கனம் பிடிக்கின்றது என்று அவர் கருதுகின்றார். பின்னர் 2021 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, உழைப்பினாற் கூடும் செலவில் சராசரி 28 வீதத்தை உடம்பு பிறிதோரிடத்தில் மீதப்படுத்திவிடுகின்றது எனவும், உடலிற் கொழுப்பு மிகுந்தோரிடம் அச்சிக்கனம் இன்னும் கூடுதல் எனவும் கண்டது. அதாவது, நிறை குறைக்க வேண்டியவரிடமே உடம்பு கூடிய சிக்கனம் பிடிக்கின்றது. இஃது அநீதியெனத் தோன்றலாம். ஆயினும் பஞ்சத்திலும் உயிர்காக்கப் பழகிய உடம்பின் முன்னே நம் முறையீடு செல்லாது.

இப்பொழுது என் கணக்கைத் திருத்தி எழுதுகின்றேன். கடிகாரம் 310 என்றது. அது 27 வீதம் கூட்டிச் சொல்லியிருப்பின் உண்மை 245. இருக்கைச் செலவைக் கழித்தால் 175. உடம்பின் சிக்கனத்தைக் கழித்தால் 126. கடிகாரம் குறைத்துச் சொல்வதும் உண்டு; சிக்கனமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஆகவே இஃது எல்லார்க்கும் பொதுக்கணக்கன்று. எனினும் 126 ஐ ஈட்டி 300 ஐச் செலவிட்டவன் கடன்பட்டதில் வியப்பென்ன?

இக்கடனை நான் மட்டும் பட்டிலேன் என்பதற்கு அயல்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. 1956 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் மேயர் என்பாரும் வங்காள அறிஞர் இருவரும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றின் ஆண் தொழிலாளரை ஆராய்ந்து எழுதினர். நடுத்தர உழைப்பு முதல் கடும் உழைப்பு வரையுள்ளோரிடம், வேலை கூடக்கூட உணவும் அதற்கேற்பக் கூடிற்று. நிறை பெரிதும் மாறவில்லை. பசியே அவர்களுக்குக் கணக்கன். ஆனால் நாள் முழுவதும் இருந்த இடத்தே இருந்த கடைக்காரரும் எழுதுவினைஞரும் இலேசான வேலை செய்தோரினும் அதிகம் உண்டனர். அவர்தம் நிறையும் கூடியிருந்தது. அசையாத உடம்பிலே பசி தன் அளவை இழந்துவிடுகின்றது. காலையில் ஒரு மணி நடந்துவிட்டு எஞ்சிய பொழுதைச் சாய்மனையிற் கழிக்கும் நாம் எந்த வரிசையில் நிற்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டறிக.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, அப்படியாயின் உழைத்தும் உண்ணாதிருப்பதே சிறப்பு என்று ஒரு மாணவன் கொள்வானாயின், அக்கணமே இக்கட்டுரை தீங்கு செய்ததாகும். மறுபக்கத்து வழக்கையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். அவ்வழக்கு வருமாறு: நாளொன்றிற்கு 500 கலோரி குறைத்துண்பவன், மேலும் 500 கலோரியை ஓடி எரித்து அதனை ஈடுசெய்யாது விடின் 1000 கலோரிப் பற்றாக்குறை உண்டாகும். கொழுப்போடு தசையும் கரையும்; சோர்வு வரும்; ஒருநாள் அணை உடைந்து, விட்டதெல்லாவற்றையும் சேர்த்துண்பான். இவ்வாதம் வலிமையுடையது என்பதில் ஐயமில்லை.

அதற்கு வரலாறே சான்று. 1945 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார், போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராது மறுத்த 36 இளைஞரை, அவர்தம் இசைவோடு, 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். நாளொன்றிற்கு ஏறக்குறைய 1600 கலோரி உணவு. வாரந்தோறும் 22 மைல் நடை. அவர்கள் தம் நிறையில் நாலிலொரு பங்களவை இழந்தனர். இழந்தது நிறை மாத்திரமன்று. உற்சாகம் போயிற்று; குளிர் தாங்கும் வலி போயிற்று; பகலும் இரவும் உணவைப் பற்றிய எண்ணமே எஞ்சிற்று. பரிசோதனை முடிந்தபின்னும் பலர் நெடுநாள் அளவின்றி உண்டனர். 1600 என்னும் எண் இன்று பலர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் எண்ணே என்பதை எண்ணுமிடத்து அச்சமுண்டாகின்றது.

எம் மைதானத்திலேயே நான் கண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். உதைபந்தாட்டப் பயிற்சியின் நடுவே பதினாறு வயதுப் பிள்ளையொருவன் மயங்கி விழுந்தான். நீர் தெளித்து எழுப்பிக் கேட்டபோது, முதல்நாள் மதியத்தின்பின் எதுவும் உண்ணவில்லை என்றான். கைத்தொலைபேசியிற் காணும் உடற்கட்டைப் பெறவேண்டி, ஓடி எரித்ததை உண்டு கெடுக்கலாகாது என்று எவரோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டிருந்தான். நாற்பது ஆண்டு பிந்தி எனக்குச் சொல்லப்படவேண்டிய அறிவுரையை வளரும் பிள்ளை கேட்டுவிட்டான். எனக்குச் சொல்லவேண்டியதை அவனும் அவனுக்குச் சொல்லவேண்டியதை நானும் கேட்டு நடந்தோம்.

கடும்பயிற்சி செய்து அதற்கேற்ப உண்ணாத விளையாட்டு வீரர்க்கு நேரும் கேட்டினைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் தனிப்பெயரிட்டு எச்சரித்தது. அது பெண்களுக்கே உரியதென்று முன்பு கருதப்பட்டது. ஆண்களுக்கும் உண்டு என்பதை அவ்வெச்சரிக்கை தெளிவாக்கிற்று. எலும்பு வலுவிழக்கும், ஓமோன்களின் ஒழுங்கு குலையும், காயங்கள் ஆறத் தாமதிக்கும், ஓட்டத்தின் வேகமே குறையும். வளரும் பருவத்தில் எலும்பிற்கு இடாத முதலை முதுமையில் இட முடியாது. ஆகவே, மாணவ வீரனே, நீ ஓடியதை உண். ஓடுதற்கு முன்னும் உண். சோறும் பருப்பும் மீனும் முட்டையும் பாலும் உனக்குக் கூலியல்ல. உன் உடம்பைக் கட்டும் கல்லும் சுண்ணாம்பும் அவையே.

இன்சுலின் ஏற்றுவோர்க்கும், சீனியைக் குறைக்கும் சிலவகைக் குளிசை உட்கொள்வோர்க்கும் பிறிதொரு விதி உண்டு. நடையின் இடையே இரத்தச் சீனி மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அவர்கள் வைத்தியர் சொல்லும் அளவிலும் நேரத்திலும் உண்ணவே வேண்டும். அவர்களிடத்து என் வடைக் கணக்குச் செல்லாது.

இனி ஏனையோர் யாது செய்வது? முதலில், உமது நாளின் உணவளவு எவ்வாறு விதிக்கப்பட்டதென்று காண்க. நடையையும் சேர்த்து ‘நடுத்தர உழைப்பாளர்’ எனக் கொண்டு அளவு விதிக்கப்பட்டிருப்பின், எரிந்த கலோரி அதனுள்ளே முன்னரே அடங்கிற்று. அதனை மறுபடியும் உண்பது ஒரே வரவை இருமுறை எழுதுவதாகும். கணக்கியலில் இரட்டைப் பதிவு நன்முறை. உணவிலே அது வீழ்ச்சிக்கு வழி. நடை சேராது, இருக்கை வாழ்வையே அடிப்படையாகக் கொண்டு விதித்த அளவாயின், விதித்தவர் நீர் சிறிது திரும்ப உண்பீர் என எதிர்பார்த்தே விதித்திருத்தல் கூடும்.

அவ்வாறாயினும் ஒரு மணிக்குட்பட்ட நடைக்கு எதுவும் ஈடு வேண்டா. அதன் உண்மைத் தொகை எமது கரண்டியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தாகத்திற்குத் தண்ணீர் போதும். 100 மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராமளவு சீனி கொண்ட சோடா ஒரு போத்தல் நடையின் பயன் முழுவதையும் விழுங்கவல்லது. நீண்டதூர ஓட்டம், மலையேற்றம், பல மணித் துவிச்சக்கரவண்டிப் பயணம் போன்ற பெருமுயற்சி செய்வோர், கருவி காட்டும் தொகையிற் பாதியளவை ஈடுசெய்து பார்க்கலாம். பாதி என்பது என் அனுபவ விதியேயன்றி ஆய்வின் தீர்ப்பன்று. தீர்ப்பை நிறுவைக்கும் அளவுநாடாவிற்கும் விட்டுவிடுக. வாரத்திற்கொருமுறை ஒரே நேரத்தில் நிறுத்து, நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க. வாரமொன்றிற்கு அரைக் கிலோகிராம் முதல் ஒரு கிலோகிராம் வரை குறைந்தால் உள்ளது உள்ளபடி நடக்கட்டும். அதனினும் விரைந்து குறைந்தாலும் சோர்வு மிகுந்தாலும் கூட்டி உண்க. குறையவே இல்லையாயின் தேநீர்க்கடைக் கணக்கைப் பார்க்க.

உண்ணலாகாதெனின் நடப்பதன் பயன் யாது என்று என் நண்பரொருவர் சினந்து கேட்டார். நிறை மாத்திரமே பயன் என்று கொண்டதால் வந்த சினம் அது. இந்தியாவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடாத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தோரிடம் நீரிழிவு உண்டாகும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. அவர்தம் நிறையோ பெரிதும் குறையவில்லை. நம்மைப் போன்ற உடல்வாகுடைய மக்களிடம் கண்ட இவ்வுண்மை பெரும் ஆறுதல் தருவது. நிறுவையின் முள் அசையாத நாளிலும் நடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது.

ஆகவே நடையைக் கூலிவேலையாக எண்ணும் எண்ணத்தையே விடுதல் வேண்டும் என்பது என் துணிபு. கூலிவேலையாயின் மாலையில் கூலி கேட்கும் மனம். மழைநாளில் வேலையும் நிற்கும், கூலி மாத்திரம் நில்லாது. வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்திலே பெரும்பாலும் பேசியது உணவின் அளவைப் பற்றியே. மருந்தைக் குடித்தவன் அதற்குக் கூலி கேட்பதில்லை. நடையும் அத்தகைய மருந்தென்று கொண்டால் வினாவே எழாது.

கடிகாரத்தை நான் இன்னும் அணிகின்றேன், நேரம் பார்ப்பதற்கு. நண்பர் நால்வரும் தேநீர்க்கடைக்கு இன்னும் செல்கின்றோம். தேநீர் சீனியின்றி வரும். ஏனெனில் அந்த அரைமணிப் பேச்சை எந்த வைத்தியரும் விலக்கச் சொன்னதில்லை. மயங்கி விழுந்த பிள்ளை இப்பொழுது பயிற்சிக்கு வரும்போது சம்பலோடு பாணும் அவித்த முட்டையும் பொதிந்து கொண்டுவருகின்றான். அவன் உண்டு முடியும்வரை நான் அவனருகே நிற்பதுண்டு. அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில் ஓரத்தில் நடப்போர் குறையாதிருக்கவும், நடுவே ஓடுவோர் தளராதிருக்கவும் எம் கல்லூரித் தாய் அருள்வாளாக.